மூச்சு விடாத பத்து மாதம்

ஒரு சிறிய சோதனை செய்து பார்ப்போமா? கடிகாரம் ஒன்றை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்து அடக்குங்கள். முப்பது விநாடி தாண்டுவதற்குள் நெஞ்சு கனக்கத் தொடங்கும். நாற்பது, ஐம்பது என்று போகும்போது உடம்பே உங்களோடு சண்டைக்கு வரும். போதும், விட்டுவிடுங்கள்! நண்பர்களோடு இதில் போட்டி வேண்டாம். கிணற்றிலோ குளத்திலோ இறங்கி இதைச் செய்து பார்க்கவே கூடாது.

ஒரு நிமிடம் மூச்சில்லாமல் இருக்கத் திணறும் இதே நீங்கள், ஒரு காலத்தில் மாதக்கணக்கில் காற்றே இல்லாத இடத்தில் நீருக்குள் மூழ்கியபடி நிம்மதியாக இருந்தீர்கள். கடைசி வாரங்களில் பெரும்பாலும் தலைகீழாக வேறு! மீனுக்கு இருப்பதுபோல் உங்களுக்குச் செவுள் கிடையாது. நுரையீரல் இருந்தது, ஆனால் அதற்குள்ளும் நீர்தான் நிரம்பியிருந்தது. அப்படியானால் பிராணவாயு எங்கிருந்து வந்தது? நீரில் வாழ்ந்த உயிர் ஒரே நிமிடத்தில் காற்றில் வாழும் உயிராக மாறியது எப்படி? இந்த மாற்றத்தில் தடுமாறும் குழந்தைகளைக் காப்பாற்ற மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? இவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

பத்தா, ஒன்பதா?

முதலில் ஒரு கணக்கு. நம் வீடுகளில் “பத்து மாதம் சுமந்து பெற்றேன்” என்பார்கள். ஆங்கிலப் புத்தகங்களோ ஒன்பது மாதம் என்கின்றன. யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான். தாய்க்குக் கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்களைக் கணக்கிட்டு, பிரசவ நாளை மருத்துவர்கள் குறிக்கிறார்கள். மாதவிலக்குச் சுற்று ஒன்றுக்கு 28 நாள். 280-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பத்து வருகிறது! அதே 280 நாட்கள் காலண்டர் மாதத்தில் ஒன்பது மாதமும் ஒரு வாரமும் ஆகும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கரு உண்டாவது இந்தக் கணக்கு தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே “எட்டு வாரக் கர்ப்பம்” என்று மருத்துவர் எழுதும்போது கருவின் உண்மையான வயது ஆறு வாரம்தான். இவ்வளவு கணக்குப் போட்டும், குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் உங்கள் கதை உங்கள் பாட்டியிடம் தொடங்குகிறது. பெண் குழந்தை தாயின் கருப்பையில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகங்களில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் உருவாகிவிடுகின்றன. அதன் பின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம்தான் மீதி. உங்களை உருவாக்கிய முட்டைச் செல்லும் அவற்றில் ஒன்று. அதாவது உங்களில் பாதி, உங்கள் அம்மா பிறப்பதற்கு முன்பே பாட்டியின் வயிற்றில் இருந்தது!

“வயிற்றில்” என்று எழுதிவிட்டேன். பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம். சோறு போகும் இரைப்பைக்கும் குழந்தை வளரும் கருப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அம்மாவின் இரத்தம் எங்கே நிற்கிறது?

“என் இரத்தத்தைக் கொடுத்து உன்னை வளர்த்தேன்” என்று சினிமாவில் தாய்மார்கள் அழுவதைக் கேட்டிருப்பீர்கள். உணர்ச்சியில் குறையில்லை, ஆனால் விஞ்ஞானத்தில் குறை இருக்கிறது. தாயின் இரத்தம் குழந்தையின் உடம்பில் ஓடுவதில்லை. தாயின் இரத்தம் ‘ஓ’ வகையாகவும் குழந்தையின் இரத்தம் ‘ஏ’ வகையாகவும் இருக்கலாம். குழந்தை தன் இரத்தத்தைத் தானே செய்துகொள்கிறது. கரு உருவான மூன்று வாரத்திலேயே, உடல் ஒரு நெல்மணி அளவுகூட இல்லாதபோதே, இதயம் துடிக்கத் தொடங்கி அந்த இரத்தத்தைத் தள்ளுகிறது.

இருவருடைய இரத்தமும் மிக மிக அருகில் வருகின்றன, ஆனால் கலப்பதில்லை. அவை சந்திக்கும் இடம்தான் நஞ்சுக்கொடி. பாடநூல்களில் தாய்சேய் இணைப்புத்திசு என்று படித்திருப்பீர்கள். கிராமத்தில் வளர்ந்தவர்கள் பசு கன்று ஈன்றதும் விழும் இளங்கொடியைப் பார்த்திருக்கலாம். அதை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். மனிதக் குழந்தை பிறந்த சில நிமிடங்களில் அதுபோலவே ஒரு தட்டு வெளியே வருகிறது. குறுக்களவு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் அரைக் கிலோ. இதன் பெரும்பகுதியைக் கட்டுவது தாயல்ல, குழந்தைதான்! முட்டைச் செல்லும் விந்தணுவும் இணைந்து உருவான அந்த ஒரே செல் பெருகிப் பிரியும்போது, ஒரு பகுதி குழந்தையாகவும் மற்றொரு பகுதி நஞ்சுக்கொடியாகவும் வளர்கிறது. ஒன்பது மாதம் உழைத்துவிட்டு ஒரே நாளில் தூக்கி எறியப்படும் உறுப்பு உடம்பில் இது ஒன்றுதான்.

நடவு முடிந்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறது. அதற்குள் நாற்றின் வேர்கள் மூழ்கியிருக்கின்றன. வேருக்குள் ஓடும் சாறு வேறு, வெளியே நிற்கும் நீர் வேறு. ஆனாலும் வேண்டியதை வேர் எடுத்துக்கொள்கிறது. நஞ்சுக்கொடியிலும் இப்படித்தான். தாயின் இரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாக வந்து சிறு குட்டைகளில் நிரம்புகிறது. குழந்தையின் இரத்தக் குழாய்கள் வேர்போலக் கிளைத்து, மெல்லிய உறை போர்த்தி, அதில் மூழ்கியிருக்கின்றன. இடையிலுள்ள சுவர் கடைசி மாதங்களில் தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இந்த வேர்களின் பரப்பை எல்லாம் விரித்து வைத்தால் 12 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய படுக்கையறையின் தரை அளவு! அந்தப் பரப்பின் வழியே பிராணவாயுவும் சர்க்கரையும் உள்ளே போகின்றன. கரியமிலவாயுவும் கழிவுகளும் வெளியே வருகின்றன. 1674-ஆம் ஆண்டிலேயே ஜான் மேயோ என்ற ஆங்கில மருத்துவர், இதைக் கருப்பையின் நுரையீரல் என்று சொல்லலாம் என எழுதிவிட்டார். பிராணவாயுவுக்குப் பெயர் சூட்டப்படுவதற்கு நூறாண்டு முன்பு!

சுவர் இவ்வளவு மெல்லியதாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. தாயின் உடலில் சேரும் நச்சுகளை நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961 முடிவில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமலும் வேறு குறைகளோடும் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கேட்ட விண்ணப்பம் பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரியின் மேசைக்கு வந்தது. போதிய சான்றில்லை என்று அவர் அதை மறுத்துக்கொண்டே இருந்ததால், அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட விழுங்கக் கூடாது என்பது அந்தக் குழந்தைகள் கற்றுக்கொடுத்த பாடம். மதுவும் இந்தச் சுவரைத் தாண்டும். சிகரெட் புகையும் தாண்டும். புகைப்பவர் தாயாகவே இருக்கவேண்டும் என்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தந்தையாகவும் இருக்கலாம்.

இரத்தம் கலப்பதில்லை என்றேன். ஆனால் சில செல்கள் அங்குமிங்கும் நழுவிவிடுகின்றன. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணின் இரத்தத்திலும் ஆணுக்குரிய செல்கள் இருந்தன. மகனின் செல்கள்! அவை அங்கே என்ன செய்கின்றன என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கருப்பைக்குள் ஓர் எவரெஸ்ட்

நஞ்சுக்கொடி எவ்வளவு திறமையாக வேலை செய்தாலும் குழந்தைக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவுதான். தாயின் தமனி இரத்தத்தில் பிராணவாயுவின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 100 மில்லிமீட்டர். நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் நல்ல இரத்தத்திலேயே அது 30 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராப்ட், கருப்பையில் இருப்பது எவரெஸ்ட் சிகரத்தில் இருப்பதுபோல என்று ஒப்பிட்டார். அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. 2007-இல் எவரெஸ்ட் ஏறிய ஒரு மருத்துவக் குழு, 8,400 மீட்டர் உயரத்தில் தங்கள் தொடையிலிருந்தே இரத்தம் எடுத்துச் சோதித்தது. சராசரி 25 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தது!

இந்த நிலையில் குழந்தை மயங்கிவிடாமல் வளர்வது எப்படி? அதன் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் வேறு வகை. பெரியவர்களுடைய ஹீமோகுளோபினைவிட அது பிராணவாயுவை இறுக்கமாகப் பிடிக்கும். தாயின் ஹீமோகுளோபின் பிடியைத் தளர்த்தும் இடத்தில், குழந்தையின் ஹீமோகுளோபின் பற்றிக்கொள்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் செங்கல் மாறுவதுபோல! போதாததற்கு, குழந்தையின் இரத்தத்தில் ஹீமோகுளோபினின் அளவும் நம்மைவிட அதிகம்.

பிறந்து ஆறு மாதத்துக்குள் இந்தக் ‘கரு ஹீமோகுளோபின்’ பெரும்பாலும் மறைந்து, பெரியவர்களுக்கு உரியது வந்துவிடுகிறது. இதில் ஓர் உயிர்ப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை நோயில், பெரியவர் ஹீமோகுளோபினின் அமைப்பில் குறை இருப்பதால் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து இரத்தக் குழாய்களை அடைக்கும். நம் நாட்டில் இந்த அரிவாள் செல்கள் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டன. நோயோடு பிறந்த குழந்தையும் முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கரு ஹீமோகுளோபின் அதைக் காக்கிறது. அது மறையும்போதுதான் வலியும் சோகையும் வருகின்றன. அப்படியானால் அதை மறையவிடாமல் செய்தால் என்ன? ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை ஓரளவு இதைத்தான் செய்கிறது. 2023-இல் பிரிட்டனில் அனுமதி பெற்ற ஒரு புதிய சிகிச்சை, நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் மரபணுவைத் திருத்தி, கரு ஹீமோகுளோபினை மீண்டும் உற்பத்தி செய்ய வைக்கிறது. கருப்பைக் காலத்தில் மூடிய கடையைத் திரும்பத் திறப்பதுபோலத்தான் இது.

இதயத்தில் ஓர் ஓட்டை

“குழந்தையின் இதயத்தில் ஓட்டை” என்று கேட்டால் பயப்படுகிறோம். ஆனால் கருப்பையில் இருந்தபோது நம் எல்லோர் இதயத்திலும் ஓட்டை இருந்தது, இல்லாவிட்டால்தான் ஆபத்து!

நம் உடலில் இரத்தம் எப்படிச் சுற்றுகிறது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வலப்பக்க இதயம் கெட்ட இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே சுத்தமாகி அது இடப்பக்கம் வந்து உடலெங்கும் போகும். கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. எல்லா இரத்தத்தையும் அங்கே அனுப்புவது வீண். ஆகவே இரண்டு குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வலது ஆரிக்கிளுக்கும் இடது ஆரிக்கிளுக்கும் இடையே உள்ள நீள்வட்டத் துளை. தொப்புள்கொடி வழியே வரும் நல்ல இரத்தத்தில் பெரும்பகுதி இதன் வழியாக இடப்பக்கம் தாவி, நேரே மூளைக்குப் போகிறது. மற்றொன்று, நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குட்டைக் குழாய். முதல் வழியைத் தவறவிட்ட இரத்தம் இதில் திரும்பிக்கொள்கிறது. நுரையீரலுக்குப் போவது சிறு பங்குதான். இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி, 1628-இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலேயே இந்த இரண்டு வழிகளையும் விளக்கியிருக்கிறார்.

நீள்வட்டத் துளைக்கு ஒரு மடல் உண்டு. அது ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு. இதை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

ஒத்திகை

நுரையீரலுக்கு வேலையில்லை என்றாலும் அது சும்மா இருப்பதில்லை. மூன்றாம் மாதத்திலேயே குழந்தை மூச்சு விடுவதுபோல் நெஞ்சை அசைக்கத் தொடங்குகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் நீர்தான். காற்றே இல்லாத இடத்தில் இது எதற்கு? நாடகத்துக்கு முன் ஒத்திகை வேண்டாமா? இந்த அசைவு இல்லாவிட்டால் நுரையீரல் சரியாக வளராது. சில நாட்களில் விக்கலும் வரும். தாய்க்கு அது தாளம் தப்பாத சிறு துள்ளலாகத் தெரியும்.

நீரை விழுங்குவதும் ஒரு ஒத்திகைதான். கடைசி மாதங்களில் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பனிக்குட நீரை விழுங்குகிறது. அதைச் சிறுநீராக மறுபடி அதே குடத்தில் விடுகிறது. முகம் சுளிக்காதீர்கள்! கழிவுகளையெல்லாம் நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்வதால் அந்த நீர் சுத்தமானதே. தாய் சாப்பிடும் பூண்டின் வாசனைகூட அதில் இறங்குகிறது. கர்ப்ப காலத்தில் காரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னால் காரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டதாக 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. ரசத்தின் ருசி நமக்கு எப்போது பழக்கமாயிற்று என்று இனி யோசித்துப் பாருங்கள்.

காதுகளும் ஆறாம், ஏழாம் மாதத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. ஏழாம் மாத வளைகாப்பில் அடுக்கடுக்காகப் போடும் கண்ணாடி வளையல்களின் ஓசை உள்ளே போகுமா? மெல்லிய, கூர்மையான ஓசைகள் மங்கிவிடும். தாழ்ந்த சுருதி ஒலிகளே நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும்விடத் தாயின் குரல் தெளிவாகக் கேட்கிறது, ஏனென்றால் அது அவள் உடம்பின் வழியாகவே வருகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குள் குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பித் தேடுகிறது என்று 1980-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள்.

முதல் மூச்சு

இப்போது அந்த நிமிடத்துக்கு வருவோம்.

பிரசவ வலி தொடங்கியதும் குழந்தையின் உடலில் அட்ரினலின் பெருகுகிறது. அதன் தூண்டுதலால், அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல், நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. குழந்தை வெளியே வருகிறது. குளிர்ந்த காற்று மேலே படுகிறது; வெளிச்சம், துடைக்கும் கைகள், எல்லாம் புதிது. வீல் என்ற அழுகை! அந்த அழுகைக்காகத்தான் அறையில் எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார்கள்.

காற்று நுழைந்ததும் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அங்கே பாய்ந்து, அங்கிருந்து இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. இடப்பக்க அழுத்தம் கூடுகிறது. அந்த மடல் அறைந்து சாத்தப்படுகிறது. குட்டைக் குழாயின் தசைச் சுவரும் பிராணவாயு பட்டதும் சுருங்கி, ஓரிரு நாளில் அடைபடுகிறது. இரத்த ஓட்டத்தின் வரைபடமே மாறிவிட்டது! பின்னால் மடல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதே இல்லை. பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

தொப்புள்கொடியை அறுக்கும்போது குழந்தைக்கு வலிக்காது. அதில் வலி உணரும் நரம்பு இல்லை. அதை உடனே அறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் மிஞ்சிய குழந்தையின் இரத்தம் அதற்கே வந்து சேரும். அதிலுள்ள இரும்புச்சத்து பல மாதங்களுக்கு உதவும்.

‘எவரெஸ்ட்டில்’ இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் இனி வேண்டாம். அவை சிதையும்போது வரும் மஞ்சள் நிறப் பொருளைக் குழந்தையின் இளம் கல்லீரலால் உடனே அகற்ற முடிவதில்லை. அதனால்தான் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இரண்டாம், மூன்றாம் நாளில் மஞ்சள் பூத்துத் தெரிகின்றன. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அளவு மீறினால் மூளையைத் தாக்கும் என்பதால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் ராச்போர்டு என்ற ஊர் மருத்துவமனையில், 1956-இல் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயிலில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெளிச்சம் பட்ட இடம் வெளுத்தும் இருந்தன. நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது அந்தக் கவனத்திலிருந்துதான்.

சோப்பு நுரையும் ஓர் உயிரும்

பாலித்தீன் பை ஒன்றை நீரில் நனைத்து எடுத்து, அதன் வாயைப் பிரிக்க முயன்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வராது. நீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். நுரையீரலிலும் இதே தொல்லை இருக்கிறது. வளர்ந்தவரின் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றின் உட்சுவரிலும் ஈரம். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் அந்த ஈரப்படலம் நுண்ணறையைச் சுருக்கி ஒட்டவைக்கப் பார்க்கும். அறை சிறியதாக ஆக, இழுப்பு இன்னும் வலுக்கும்.

அது நடக்காமல் காப்பது, நுரையீரலே சுரக்கும் சோப்பு போன்ற ஒரு பொருள். அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் வகைக் கொழுப்புதான் அதில் முக்கியம். அது பரப்பு இழுவிசையைக் குறைத்து நுண்ணறைகளைத் திறந்தே வைக்கிறது. ஆனால் குழந்தையின் நுரையீரல் அதைப் போதுமான அளவு செய்து முடிப்பது எட்டாம் மாத வாக்கில்தான். அதற்கு முன் பிறந்துவிட்டால்? ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சுபோல் பாடுபட்டு இழுக்க வேண்டியதாகிறது. விலா எலும்புகள் உள்ளே குழிய, முனகிக்கொண்டே மூச்சு வாங்கிக் குழந்தை களைத்துப்போகும்.

1963 ஆகஸ்ட் 7-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பாட்ரிக். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான்; எடை 2 கிலோவுக்குச் சற்று மேல். உலகின் செல்வாக்கு மிக்க நாட்டின் மருத்துவர்கள் எல்லாம் முயன்றும் 39 மணி நேரம்தான் இருந்தான். நோயின் காரணம் தெரியாமல் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1959-இல், மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் தம் சக ஆய்வாளர் ஜெர் மீடுடன் சேர்ந்து, இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தச் ‘சோப்பு’ இல்லை என்று கண்டறிந்திருந்தார். காரணம் தெரிந்தும் மருந்துதான் இல்லை.

மருந்து கிடைத்தது ஓர் ஆட்டுக்குட்டியிடமிருந்து! நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆடு சினையாக இருப்பது ஐந்து மாதம். கருவில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு மருந்து செலுத்தியபோது அவை முன்கூட்டியே பிறந்தன. அப்படி மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, மூச்சே விடமுடியாத வயதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் ஆச்சரியப்பட்டுவிட்டுத் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்திருப்பார். லிக்கின்ஸ் அங்கேயே நின்றார். அந்த மருந்து நுரையீரலை அவசரமாக முதிரச் செய்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவம் நேரவிருந்த 282 தாய்மார்களிடம் அதைச் சோதித்தார். முடிவு 1972-இல் வெளிவந்தது. மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் நாட்களிலேயே இறந்தன; மருந்து பெற்றவர்களிடம் அது 3 அளவுக்கு இறங்கியிருந்தது.

உலகமே உடனே இதைக் கையாண்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994-இல்தான். இடையில் கழிந்த 22 ஆண்டுகளில் பல நாடுகளில் பல சிறு சோதனைகள் நடந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுப்பதற்காக 1993-இல் காக்ரேன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதன் சின்னத்தில் உள்ள சிறு கோடுகள் இந்த மருந்தின் சோதனைகளையே குறிக்கின்றன. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊசியின் விலை அப்போதும் மிகக் குறைவு. நம் நாட்டில், 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், கிராமச் செவிலியரே முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-இல் அரசு வழிகாட்டுதல் வந்தது.

இன்னொரு வழியும் திறந்தது. 1980-இல் ஜப்பானில் டெட்சுரோ புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டார். பாட்ரிக்கைப் போன்ற குழந்தை இன்று பிறந்தால் பிழைப்பது ஏறக்குறைய உறுதி. வசதியான மருத்துவமனை பக்கத்தில் இருந்தால். 2020-இல் உலகில் குறைமாதத்தில் பிறந்த 1 கோடியே 34 லட்சம் குழந்தைகளில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

அத்தனை பேருக்கும் வெப்பப் பெட்டி கிடைக்குமா? இதே கேள்வி 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற மருத்துவருக்கு எழுந்தது. பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டியிருந்தது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதுபோல, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்துத் துணியால் கட்டிவிட்டார். ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்று பலரும் நினைத்தார்கள். 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பிறந்தவுடனே தாயின் மார்பில் சேர்க்கப்பட்ட எடை குறைந்த குழந்தைகளிடையே, முதலில் கருவிகளில் வைத்து நிலைப்படுத்தப்பட்டவற்றைவிட இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது! மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் பரிந்துரையில் சேர்த்துக்கொண்டது.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு எப்போதாவது போக நேர்ந்தால் பாருங்கள். சாய்வு நாற்காலிகளில் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கையளவுக் குழந்தை, தலையில் சிறு குல்லாயோடு, காதை நெஞ்சில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருக்கும். தாய்க்கு உடல்நிலை சரியில்லையென்றால் அந்த நாற்காலியில் அப்பாவோ பாட்டியோ இருப்பார்.